பழைய டிராக்டரை விற்கும் முன்: நாம் செய்கிற தவறுகள்

வண்டியைச் சரிசெய்வதா, மாற்றுவதா என்ற கேள்வி நம்ம டெல்டா பக்கம் பெரும்பாலும் ஜூன் மாதத்தில்தான் எழும். மேட்டூரில் தண்ணீர் திறந்து வாய்க்கால் வரைக்கும் வந்தாச்சு, குறுவைக்குச் சேறடிக்க இறக்கிய மூன்றாம் நாள் வண்டி வயலிலேயே நின்றுவிடும். அப்போது எடுக்கிற முடிவு உருப்படாது. மெக்கானிக் போனை எடுக்க மாட்டார், லேத் பட்டறையில் வரிசை நிற்கும், ஷோரூம்காரர் மட்டும் நாளைக்கே வாசலில் புது வண்டியை நிறுத்துகிறேன் என்பார். பழையதை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது அப்படித்தான் நடக்கிறது. பிரித்துப் பார்க்க ஏற்ற காலம் ஏப்ரல், மே.

புகையைப் பார்த்ததும் இன்ஜின் போச்சு என்று தீர்ப்பு சொல்வது அடுத்த தவறு. கரும்புகைக்கு ஏர் கிளீனர் அடைத்திருப்பதே காரணமாக இருக்கலாம்; பழைய வண்டிகளில் அது ஆயில் ஊற்றிய கிண்ணம், கழற்றிப் பார்த்தால் அடியில் சேறு மாதிரி அப்பியிருக்கும். இன்ஜெக்டர், டீசல் பம்ப் கோளாறாகவும் இருக்கலாம். சூடான பிறகும் நீலப்புகை நிற்காமல், இன்ஜினுக்குள் சேரும் காற்று வெளியேறும் பிரீதர் குழாயில் குபுகுபுவென்று புகை அடித்து, ஆயிலும் குறைந்துகொண்டே வந்தால்தான் பிஸ்டன் ரிங், அது உரசி ஓடும் லைனர் பற்றி யோசிக்க வேண்டும். எங்கள் வண்டியில் ஒருமுறை கலப்பை தூக்கவில்லை. ஹைட்ராலிக் பம்பையே மாற்றச் சொன்னார்கள். கடைசியில் பார்த்தால் வடிகட்டியில் அழுக்கு, ஆயிலும் மாற்றி வருடக்கணக்காகியிருந்தது. வெட்கமாகத்தான் இருந்தது.

சரி, இன்ஜின் உண்மையிலேயே தேய்ந்துவிட்டது என்றே வையுங்கள். அதற்காகவும் வண்டியை விற்க வேண்டியதில்லை, ஏனென்றால் நம் ஊரில் அதிகம் ஓடும் பழைய மாடல்களுக்கு லைனர், பிஸ்டன், ரிங் செட்டாகவே கிடைக்கிறது, பிஸ்டன் சுழற்றும் கிராங்க் தண்டையும் கிரைண்ட் செய்து அடுத்த அளவு பேரிங் போட்டுவிடலாம். காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று தேய்ந்த லைனரில் புது ரிங் மட்டும் போடுகிறார்களே, அதுதான் வீண் செலவு. அடுத்த போகத்துக்கே புகை திரும்பி வரும், கூலியை இரண்டு தடவை கொடுத்திருப்போம்.

உண்மையில் பயப்பட வேண்டியது பின்பக்கத்துக்கு, அதாவது கியர், ஆக்சில் பகுதிக்குத்தான். கேஜ் வீல் என்கிற இரும்புக் கூண்டுச் சக்கரம் போட்டுச் சேற்றிலேயே உழைத்த வண்டியில் ஆக்சில் ஆயில் சீல் தேய்ந்து தண்ணீர் உள்ளே போகும். கியர் ஆயிலை இறக்கிப் பாருங்கள்: பால் விட்ட டீ நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, இரும்புத்தூள் மினுக்கினால் கியரோ பேரிங்கோ தின்றுகொண்டிருக்கிறது. ஹவுசிங்கில் விரிசல், பின்சக்கரங்களுக்கு விசையைத் திருப்பும் கிரௌன் பினியன் பல்சக்கரங்களில் தேய்மானம், அதோடு அந்த மாடலுக்கு உதிரி பாகமும் கிடைக்கவில்லை என்ற நிலை வந்தால் பாசம் பார்க்காமல் விற்றுவிடலாம். வண்டியின் வயதை மட்டும் வைத்து இதை முடிவு செய்ய முடியாது, 15 வருட வண்டி பின்பக்கம் சுத்தமாக ஓடுவதும் உண்டு.

புதுசு வாங்கும்போது மணிக்கணக்கைப் பார்க்காததும் பெரிய தவறு. 5 ஏக்கர், இரண்டு போகம், போகத்துக்கு ஏக்கருக்கு நாலு மணி நேரம் என்று வைத்தாலும் வருடத்துக்கு 40 மணி நேரம்தான். அடுத்தவர் வயலில் வாடகை உழவு ஓட்டாமல் இந்த 40 மணி நேரத்தை வைத்து எந்தத் தவணையையும் கட்ட முடியாது. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனதை எல்லோரும் சொல்கிறார்கள். அதே நாளில் டிராக்டர் டயருக்கும் பல உதிரி பாகங்களுக்கும் 18-லிருந்து 5 ஆனதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பழுது பார்ப்பதும் மலிவாகியிருக்கிறது ஐயா!

பக்கத்து வயல்காரர் வாங்கினார் என்று 50 குதிரைத்திறனுக்கு மேல் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2023 ஜனவரி முதல் அந்த அளவுக்கு மேற்பட்ட புது டிராக்டர்கள் கடுமையான புகை விதிக்குள் வந்துவிட்டன, அதனால் சென்சார், மின்னணுக் கட்டுப்பாடு என்று இன்ஜினே மாறிவிட்டது. ஸ்பேனரோடு வரும் நம்ம ஊர் மெக்கானிக்கால் அதில் எல்லாவற்றையும் பார்க்க முடியாது.

அப்புறம், பழையதை விற்றால் ஆர்சி என்கிற பதிவுச் சான்றிதழில் பெயர் மாறும் வரை விடாதீர்கள். வெறும் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தால், அந்த வண்டி எங்கோ யார் மீதோ மோதினால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.