கடைசி வரி தெரிகிறதே என்று இருந்துவிடாதீர்கள்

கண் மருத்துவமனையில், கண்ணுக்குள் பின்பக்கம் இருக்கும் விழித்திரையைப் படம் எடுப்பது என் வேலை. சில மாதங்களுக்கு முன் ஒரு பஸ் கண்டக்டர் வந்தார். பதினோரு வருஷமாகச் சுகர். எழுத்துப் பலகையின் கடைசி வரியை இரண்டு கண்ணாலும் தடுமாறாமல் வாசித்தார். "பாத்தீங்களா, ஒண்ணுமே இல்ல. மருந்து விட்டா மங்கும், டூட்டிக்குப் போகணும்" என்று எழுந்துவிட்டார். கெஞ்சித்தான் உட்கார வைத்தோம். சொட்டு மருந்து விட்டு, கண்பாப்பா விரியும்வரை அரை மணி நேரம் காத்திருந்து படம் எடுத்தால், விழித்திரை முழுக்கக் குங்குமம் சிந்தினாற்போல ரத்தப் புள்ளிகள். பார்வை நரம்பு தொடங்கும் வட்டத்தின் ஓரத்தில், நூல் பிரிந்து கிடப்பதுபோலப் புதிதாக முளைத்த ரத்தக்குழாய்கள். அவை எந்த நாளில் வேண்டுமானாலும் கசியலாம்.

பார்வை தெளிவாக இருந்தால் விழித்திரையும் நன்றாகத்தான் இருக்கும் என்று நினைப்பதுதான் நான் தினமும் பார்க்கும் தவறு. எழுத்து வாசிக்க உதவுவது விழித்திரையின் நடுவில் இருக்கும் மிகச் சிறிய பகுதி. அது தப்பித்திருக்கும்வரை, சுற்றிலும் எவ்வளவு கெட்டாலும் நமக்குத் தெரியாது. வலிக்காது, உறுத்தாது. கண்ணாடிக் கடையில் பவர் பார்த்ததைக் கண் பரிசோதனைக் கணக்கில் சேர்ப்பவர்கள் ஏராளம். அது வேறு, இது வேறு.

"இப்பத்தானே சுகர் வந்திருக்கு, அதுக்குள்ள கண்ணுக்கு என்ன?" என்று கேட்பவர்களுக்குச் சென்னையிலேயே பதில் கிடைத்திருக்கிறது. 2005இல் வெளியான க்யூர்ஸ் ஆய்வு, நகரத்தில் சர்க்கரை நோய் உள்ளவர்களின் விழித்திரையைப் படம் எடுத்துப் பார்த்தது. மொத்தத்தில் 17.6 சதவீதம் பேருக்கு விழித்திரை பாதிப்பு. அந்த ஆய்வில்தான் முதன்முறையாகச் சுகர் இருப்பதே தெரியவந்தவர்களில்கூட 5.1 சதவீதம் பேருக்குப் பாதிப்பு ஏற்கெனவே வந்திருந்தது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் பல வருஷம் சத்தமில்லாமல் உடம்பில் இருந்துவிட்டுத்தான் வெளியே தெரிகிறது. அதனால் நோய் தெரிந்தவுடனே ஒரு முறை, பிறகு வருஷத்துக்கு ஒரு முறையாவது கண்ணைக் காட்ட வேண்டும். முதல் வகைக்காரர்கள், அதாவது பெரும்பாலும் சின்ன வயதிலேயே சுகர் வந்து இன்சுலினை நம்பி இருப்பவர்கள், நோய் தெரிந்து ஐந்து வருஷத்துக்குள் தொடங்கலாம். ஏற்கெனவே சுகர் உள்ள பெண் கர்ப்பமானால் முதல் மூன்று மாதத்துக்குள் பார்த்துவிட வேண்டும். கர்ப்ப காலத்தில் விழித்திரை பாதிப்பு வேகமெடுப்பது உண்டு.

அடுத்து லேசர், அதாவது விழித்திரையில் ஒளியால் சூடு வைக்கும் சிகிச்சை. "லேசர் வெச்சோம், பார்வை கூடவே இல்ல" என்ற வருத்தத்தை நிறையக் கேட்டிருக்கிறேன். லேசர் எதற்காக என்பதை யாரும் உட்கார்ந்து சொல்லாததால் வருகிற வருத்தம் அது. 1970களில் அமெரிக்காவில் 15 மையங்களில், 1,700க்கும் மேற்பட்டவர்களிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணில் லேசர் அல்லது அதுபோன்ற ஒளிச் சிகிச்சை, இன்னொரு கண்ணில் ஒன்றும் செய்யாமல் கவனிப்பு. எந்தக் கண் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். ஒரே உடம்பு, ஒரே சர்க்கரை, ஒரே ரத்த அழுத்தம் என்பதால், இரண்டு கண்ணுக்கும் உள்ள வித்தியாசம் சிகிச்சையால் மட்டுமே வந்தது என்று சொல்ல முடிந்தது. லேசர் வைத்த கண்களில் கடுமையான பார்வை இழப்பு பாதிக்கும் மேல் குறைந்தது. 1976இல் இது தெளிவானதும், ஆய்வு முடியட்டும் என்று காத்திருக்காமல், ஆபத்தில் இருந்த மற்றக் கண்ணுக்கும் லேசர் வைக்க விதியையே மாற்றினார்கள். இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஆனால் கவனியுங்கள்: அவர்கள் நிரூபித்தது, இருக்கும் பார்வையைக் காப்பாற்றலாம் என்பதை. போனதைத் திருப்பித் தருவதாக அந்த ஆய்வு சொல்லவில்லை. பார்வை நன்றாக இருக்கும்போதே லேசர் வைக்கச் சொல்வது அதனால்தான்.

ஆய்வு முடிவைப் பாதி படிப்பது இன்னொரு தவறு, இப்போது வாட்ஸ்அப்பில் அதிகம் சுற்றுவதும் இதுதான். "சுகரை வேகமாகக் குறைத்தால் கண் போய்விடும்" என்று ஒரு செய்தி. இதில் ஒரு துளி உண்மை உண்டு. முதல் வகைச் சர்க்கரை நோயாளிகள் 1,441 பேரைச் சராசரியாக ஆறரை வருஷம் கவனித்த டிசிசிடி ஆய்வில், சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களில் சிலருக்கு முதல் வருஷத்தில் விழித்திரை கொஞ்சம் மோசமானது. அந்தக் குழுவில் 13.1 சதவீதம் பேருக்கு, வழக்கமான சிகிச்சைக் குழுவில் 7.6 சதவீதம் பேருக்கு. செய்தி இங்கேயே நின்றுவிடுகிறது. ஆனால் 1993இல் வெளியான முழு முடிவில், தொடக்கத்தில் பாதிப்பே இல்லாதவர்களுக்கு விழித்திரை நோய் வரும் ஆபத்து இறுக்கமான கட்டுப்பாட்டால் 76 சதவீதம் குறைந்திருந்தது. சர்க்கரை நோய்க்கும் உடல் எடைக்கும் இப்போது பேசப்படும் செமாகுளுடைடு ஊசியிலும் இதே கதைதான். 2016இல் வந்த ஆய்வில் கண் சிக்கல்கள் 3 சதவீதம், மருந்தில்லாத குழுவில் 1.8 சதவீதம். பெரும்பாலும் ஏற்கெனவே விழித்திரை பாதிப்பு இருந்தவர்களுக்கு. ஆகவே மருந்தைக் கண்டு ஓட வேண்டாம். தொடங்கும் முன் விழித்திரையைப் பார்த்துவிடுங்கள், அப்புறம் தைரியமாகச் சர்க்கரையைக் குறைக்கலாம்.

சரி, கண்ணுக்குள் போடும் ஊசி. இது வந்த பிறகு, விழித்திரையின் நடுப்பகுதி வீங்கியவர்களுக்கு நல்ல காலம் பிறந்தது, பலருக்குப் பார்வை திரும்பவும் செய்கிறது. புதிய ரத்தக்குழாய் முளைத்த கண்களுக்கும் லேசருக்குப் பதிலாக ஊசி போடலாம், பலன் குறையாது என்று 2015இல் அமெரிக்க ஆய்வுக் குழு ஒன்று காட்டியது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் சொன்ன தேதிக்கு வந்தவர்கள். நம் வாழ்க்கையில் கல்யாணம் வரும், அறுவடை வரும், கூட்டி வர மகனுக்கு லீவு கிடைக்காது. பிலடெல்பியாவில், ஆறு மாதத்துக்கு மேல் வராமல் விட்டவர்களைத் திரும்பிப் பார்த்தார்கள். லேசர் வைத்த கண்களைவிட ஊசி மட்டும் போட்ட கண்களில் பார்வை அதிகமாகப் போயிருந்தது, விழித்திரை பிய்ந்து விலகியதும் அதிகம். எனவே ஒழுங்காக வர முடியாது என்றால் அதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அதைக் கேட்டு அவர் சிகிச்சையையே மாற்றக்கூடும்.

விலை கூடிய ஊசிதான் சிறந்தது என்று நகையை அடகு வைப்பவர்களைப் பார்த்தால் மனசு தாங்கவில்லை. நடுப்பகுதி வீக்கம் உள்ள 660 பேரிடம் மூன்று ஊசி மருந்துகளை ஒப்பிட்டார்கள். பார்வை இழப்பு லேசாக இருந்தவர்களுக்கு விலை குறைந்த பெவாசிசுமாப்பும் மற்ற இரண்டைப் போலவே பார்வையைக் கூட்டியது. பார்வை 6/15 (நல்ல கண் 15 மீட்டரில் வாசிப்பதை 6 மீட்டரில்தான் வாசிக்க முடிகிற நிலை) அல்லது அதற்கும் கீழே இறங்கியிருந்தவர்களுக்குத்தான் முதல் வருஷத்தில் அஃப்ளிபெர்செப்ட் முந்தியது. இந்த இரண்டில் உங்கள் கண் எதில் சேரும் என்று கேளுங்கள்.

கண்ணில் ரத்தம் கசியும் என்று பயந்து, இதயத்துக்குக் கொடுத்த ஆஸ்பிரினைத் தாங்களாகவே நிறுத்துபவர்களும் உண்டு. சர்க்கரையால் விழித்திரை பாதித்த 3,711 பேரில் பாதிப் பேருக்குத் தினம் 650 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்ததில் கண்ணுக்குள் ரத்தக்கசிவு கூடவில்லை. நிறுத்தாதீர்கள். சர்க்கரையை மட்டும் பார்த்துவிட்டுப் பிரஷரை மறப்பதும் ஆபத்து: 1998இல் வந்த பிரிட்டிஷ் ஆய்வில், பிரஷரைச் சராசரியாக 144/82க்குக் கொண்டுவந்தவர்களுக்கு விழித்திரை நோய் முற்றுவது 34 சதவீதம் குறைந்தது.

ஆய்வில் சேரச் சொன்னால் "எங்கள எலியாக்கப் பாக்குறாங்க" என்று பயப்பட வேண்டாம். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேளுங்கள், வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படியுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் வழக்கமான சிகிச்சை நிற்காது. விலகுவதானால் சொல்லிவிட்டு விலகுங்கள். சொல்லாமல் நின்றுவிட்டால் உங்கள் கண் என்ன ஆனது என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

அந்தக் கண்டக்டருக்கு அதே வாரம் லேசர் தொடங்கியது. போன முறை வந்தபோது மகளைக் கூட்டி வந்திருந்தார், வண்டி ஓட்ட. கையில் ஒரு பிளாஸ்டிக் உறை: பழைய விழித்திரைப் படம், சுகர் ரிப்போர்ட், மருந்துச் சீட்டு. பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். நூல் பிரிந்தது போல இருந்த குழாய்கள் சுருங்கியிருந்தன.