டேகனம், 1921–39: பிறப்பு, திருமண விகிதம் கணக்கிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டனுக்குக் கிழக்கே எசெக்ஸில் இருந்த டேகனம், 1926-ல் 'அர்பன் டிஸ்ட்ரிக்ட்' ஆனது. பெயரில் டிஸ்ட்ரிக்ட் இருந்தாலும் நம்மூர் நகராட்சி அளவுதான். 1921-ல் அங்கே சுமார் 9,000 பேர். 1931-ல் சுமார் 89,000. இடையில் லண்டன் கவுன்டி கவுன்சில் (லண்டனின் உள்ளாட்சி மன்றம்) கட்டிய பெகன்ட்ரி குடியிருப்பே காரணம். இப்படித் திடீரெனப் பெருகிய ஊரில் பிறப்பு எண்ணிக்கை சரியாகவே இருக்கும். எந்த மக்கள்தொகையால் வகுக்கிறோம் என்பதில்தான் கணக்கு கவிழும்.

இரண்டு கணக்கெடுப்புகளுக்கும் நடுவே நேர்கோடு போட்டால் 1926-க்கு 49,000 வரும். வீடுகள் ஆண்டுதோறும் சம அளவில் எழும்பவில்லை என்பதால் அந்த எண்ணை நம்ப முடியாது. உதாரணத்துக்கு 1,000 பிறப்பு என்று வையுங்கள்: 50,000-ஆல் வகுத்தால் ஆயிரத்துக்கு 20, 40,000-ஆல் வகுத்தால் 25. பதிவுத்துறைத் தலைவர் வெளியிட்ட, ஆண்டின் நடுவில் இருந்த மக்கள்தொகைக்கான மதிப்பீட்டை எடுங்கள். ஊர் சுகாதார அதிகாரியின் ஆண்டறிக்கையில் அது கிடைக்கும். 1931 கணக்கெடுப்பின் வீட்டுவாரிப் படிவங்கள் 1942 தீயில் அழிந்தன. அச்சான அட்டவணைகள் இருக்கின்றன. 1941-ல் கணக்கெடுப்பே இல்லை. அதற்கு மாற்றாக 1939 செப்டம்பர் 29-ன் தேசியப் பதிவேட்டை எடுக்கவே வேண்டாம்: அதற்குள் போர் காரணமாக நகரங்களிலிருந்து பிள்ளைகளையும் தாய்மாரையும் வெளியூர்களுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சரியான மக்கள்தொகை கிடைத்தாலும் வேலை முடியவில்லை. பெகன்ட்ரிக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் இளம் தம்பதிகள், பிள்ளை குட்டியோடு வந்தவர்கள். அதனால் ஆயிரம் பேருக்கான பிறப்பு விகிதம் தானாகவே உயரும். வீட்டு வேலைக்கு வந்த மணமாகாத பெண்கள் நிறைந்த லண்டன் பகுதியான ஹாம்ப்ஸ்டெட்டோடு இதை ஒப்பிட்டு, "டேகனத்தில் அதிகம் பெற்றார்கள்" என்று எழுதுவது பிழை. 15–44 வயதுப் பெண்கள் 1,000 பேருக்கு எத்தனை பிறப்பு என்று பாருங்கள். மணமான பெண்களை மட்டும் எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது.

பிறப்பில் 'இடமாற்றம் செய்த' எண்ணையே எடுக்க வேண்டும். வெளியூர் மருத்துவமனையில் பிறந்த குழந்தை, தாய் குடியிருக்கும் ஊர்க் கணக்கில் சேர்ந்திருப்பது அதில்தான். இறந்து பிறந்தவை 1927 ஜூலை முதல் பதிவாயின. அவற்றை உயிர்ப்பிறப்போடு கூட்டாதீர்கள். 1938 வரை ஆண்டு எண்ணிக்கை பதிவுத் தேதிப்படி. பதிவுக்கு 42 நாள் அவகாசம் உண்டு என்பதால், ஆண்டுக் கடைசியில் பிறந்த குழந்தை அடுத்த ஆண்டுக் கணக்கில் சேரலாம்.

திருமண விகிதத்தில் பொறி வேறு. இங்கிலாந்து, வேல்ஸில் 1920-ல் 3,79,982 திருமணங்கள். ஆயிரம் மக்களுக்குத் திருமணங்களாக எண்ணினால் சுமார் 10. மணமுடித்த நபர்களாக எண்ணினால் சுமார் 20. அக்கால அறிக்கைகள் பெரும்பாலும் நபர் கணக்கைத்தான் தருகின்றன. திருமணம் பதிவானது சடங்கு நடந்த இடத்தில். பெண் வீட்டுப் பக்கம் மணமுடித்துவிட்டு டேகனத்துக்குக் குடிவந்த தம்பதி டேகனம் கணக்கில் வரமாட்டார்கள். பதிவு மாவட்ட எல்லையும் நகராட்சி எல்லையும் வேறு வேறு. ஒன்றின் திருமணத்தை மற்றொன்றின் மக்கள்தொகையால் வகுக்காதீர்கள்.

கடைசியாக, 1920-ஐத் தொடக்க ஆண்டாக வைக்காதீர்கள். முதல் உலகப் போர் முடிந்து ஆண்கள் திரும்பிய அந்த ஆண்டில் நாட்டில் 9,57,782 பிறப்புகள், 1933-ல் 5,80,413. உச்சத்திலிருந்து பள்ளத்துக்குக் கோடு போட்டால் சரிவு மிகையாகத் தெரியும். சிறிய ஊருக்கு மூன்றாண்டுச் சராசரியே பொருத்தம்.