கூடார முளை: மண்ணைப் பார்க்காமல் அடிப்பதால் வரும் தவறுகள்

விலை குறைந்த டோம் டென்ட் ஒன்றை வாங்கினால் பையின் அடியில் ஒரு சின்னத் துணிப்பை கிடக்கும். அதற்குள் டென்ட்டை நிலத்தோடு பிணைக்கும் முளைகளாகப் பத்துப் பன்னிரண்டு வளைந்த கம்பிகள் இருக்கும். 3 அல்லது 4 மில்லிமீற்றர் தடிப்பு, ஒரு சாண் நீளம்கூட வராது. போயா லீவு சனி ஞாயிறோடு சேர்ந்து வந்தால், கொழும்பிலிருந்து அதே கம்பிகள் ஒருமுறை கற்பிட்டி மணலுக்குப் போகின்றன, அடுத்தமுறை வில்பத்துப் பக்கத்துக் கட்டாந்தரைக்கு, இன்னொருமுறை நக்கிள்ஸ் மலைப் புல்லுக்கு. மூன்று மண்ணுக்கும் ஒரே முளை என்று நினைப்பதுதான் முதல் தவறு. மற்றவற்றில் பாதி அதிலிருந்தே பிறக்கின்றன.

முளை தன் பாரத்தால் டென்ட்டைப் பிடித்து வைப்பதில்லை. அதன் முன்னால் உள்ள மண் நகர மறுப்பதால்தான் அது நிற்கிறது. ஆகவே எவ்வளவு ஆழம் இறங்குகிறது, எவ்வளவு அகலம் மண்ணில் முட்டுகிறது, அந்த மண் எவ்வளவு இறுக்கம் என்ற மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மண் இளகியிருந்தால் நீளத்தையும் அகலத்தையும் கூட்டுங்கள். மண் இறுகியிருந்தால் அகலம் உதவாது, வளையாத தடித்த உருக்கு வேண்டும்.

"டோம் டென்ட் தானாகவே நிற்கிறதே"

நிற்கும், காற்று வரும்வரை. காற்றின் வேகம் இரட்டித்தால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் வீசும் காற்று ஒரு சதுர மீற்றர் துணியைச் சுமார் 6 கிலோ பாரத்துக்குச் சமமாகத் தள்ளும். 72 கிலோமீற்றரில் அதுவே 25 கிலோ. இரண்டு பேர் படுக்கும் டென்ட்டின் ஒரு பக்கத்தை 2.5 சதுர மீற்றர் என்று வைத்தால் 60 கிலோவுக்குச் சற்று மேலே வரும். டென்ட்டிலிருந்து முளைக்குப் போகும் மூன்று இழுகயிறுகள் அதைப் பகிர்ந்துகொண்டாலும், 45 பாகையில் சரிந்து நிற்கும் ஒவ்வொரு கயிறும் ஏறத்தாழ 30 கிலோ இழுவையைத் தாங்க வேண்டும். ஏப்ரல், ஒக்டோபர் மாதங்களில் பின்னேர இடிமழைக்கு முன்னால் திடீரென்று அடிக்கும் காற்றுக்கு முன்னறிவிப்பு என்பது பல நேரம் கருமேகம் மட்டும்தான்.

இதைச் சோதிக்க விமானப் பயணத்துக்குப் பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசு போதும். முளையில் ஒரு துண்டுக் கயிற்றைக் கட்டி, மறுநுனியில் தராசைக் கொளுவி, இழுகயிறு போகும் திசையிலேயே மெதுவாக இழுங்கள். முகத்தைக் கயிற்றின் நேருக்குக் கொண்டுபோகாதீர்கள், பிடுங்கிக்கொண்டு வரும் முளை அந்தப் பக்கம்தான் பாயும். 30ஐத் தொடுமுன் முளை அசைந்தால் அந்த மண்ணுக்கு அது ஆகாது.

சாய்வும் கழுத்தும்

முளையின் தலை டென்ட்டுக்கு அப்பால் சாய வேண்டும், கூர்முனை டென்ட்டின் பக்கம் போக வேண்டும். மாற்றி அடித்தால் முளை கயிறு இழுக்கும் கோட்டிலேயே கிடக்கும், உருவிக்கொண்டு வந்துவிடும். ஆனால் "45 பாகை" என்று மனப்பாடமாகச் சொல்லப்படுவதை எல்லா மண்ணுக்கும் பிடித்துக்கொள்ள வேண்டாம். 25 சென்றிமீற்றர் முளையை அப்படிச் சாய்த்தால் 18 சென்றிமீற்றர் ஆழம்கூட இறங்காது. செங்குத்திலிருந்து 20 பாகை சாய்த்தால் 23 கிடைக்கும். இளகிய மண்ணில் இந்த 5 சென்றிமீற்றர் பெரிய வித்தியாசம், ஏனென்றால் ஆழம் போகப்போகத்தான் மண் இறுகும்.

முளையின் கழுத்து நிலத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் கயிறு அதை நெம்புகோலாக்கிவிடும். முழுவதும் இறங்கவில்லையென்றால் கயிற்றைத் தலையில் மாட்டாமல், நிலத்தோடு ஒட்டிய இடத்தில் சுற்றுங்கள்.

மணலில் முளையை நம்புவது

அலை நனைத்த மணல் காலுக்கு இறுக்கமாகத் தெரியும். அந்த இறுக்கம் ஈரத்தால் வந்தது. வெயிலும் காற்றும் பட்டு ஈரம் போனதும் மணல் சீனிபோல் ஓடும், காலையில் அசையாத முளை மத்தியானம் விரலால் தூக்க வரும். சோளகம் எனும் தென்மேற்குக் காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை கற்பிட்டிப் பக்கம் பட்டம் கட்டி அலைச்சறுக்குகிறவர்கள் தேடி வருவதே அந்தக் காற்றுக்காகத்தான். அங்கே கம்பி முளை எதற்கும் உதவாது. மணலுக்கென்று விற்கும் முளை 30 முதல் 40 சென்றிமீற்றர் நீளமும் மூன்று நான்கு விரல் அகலமுமாக, வாய்க்கால்போல் வளைந்திருக்கும். குழிந்த பக்கம் டென்ட்டைப் பார்க்க அடிக்க வேண்டும்.

அதைவிட நம்பிக்கையானது, எதையாவது புதைத்துக் கட்டுவது. அரை மீற்றருக்குச் சற்றுக் கூடிய தென்னை மட்டைத் துண்டு ஒன்று போதும். முழங்கை ஆழத்துக்கு, 40 சென்றிமீற்றரளவில், டென்ட்டின் பக்கத்துக்குச் சமாந்தரமாக நீளக் குழி வெட்டுங்கள். கயிற்றை மட்டையின் நடுவில் கட்டிப் படுக்கவையுங்கள். இனிப் பலரும் விடுவது இதைத்தான்: குழியிலிருந்து டென்ட்டை நோக்கி, கயிறு போகும் சரிவிலேயே ஒரு சின்னச் சால் கீற வேண்டும். சால் இல்லாவிட்டால் கயிறு குழியின் விளிம்பில் மடங்கி நேர்மேலே இழுக்கும், மட்டை கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பும். பிறகு மணலை மூன்று தடவையாகப் போட்டு, ஒவ்வொரு தடவையும் மிதித்து, கடைசியில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். மட்டை கிடைக்காவிட்டால் உரப்பையில் பாதிவரை மணல் நிரப்பி அதே மாதிரிப் புதைக்கலாம். கிளம்பும்போது பையைத் தோண்டி எடுத்துக்கொண்டு போங்கள். ஆமைகள் முட்டையிடும் ரெக்கவ, கொஸ்கொட போன்ற கரைகளில் மணலைத் தோண்டவே கூடாது.

கட்டாந்தரையில் அலுமினியம்

உலர்வலயத்துச் செங்கபில மண் காய்ந்தால் கல்லாக இறுகும், நனைந்தால் ஒட்டும். காய்ந்த காலத்தில் கம்பி முளை இரண்டாவது அடியிலேயே வளையும், மென்மையான அலுமினிய முளையின் தலை நசுங்கும். இங்கே 8 முதல் 10 மில்லிமீற்றர் தடிப்புள்ள உருக்கு முளைதான் வேலைக்கு ஆகும். கட்டடக் கம்பியை 30 சென்றிமீற்றர் துண்டுகளாக வெட்டி, ஒரு நுனியைக் கூராக்கி, மறுநுனியைக் கொக்கியாக வளைத்துத் தரும் ஒட்டுவேலைக் கடைகள் கொழும்பில் எத்தனையோ உண்டு. முதுகில் சுமந்து போகிறவர்களுக்கு இது பாரம், வாகனத்தில் போகிறவர்களுக்கு இதைவிட மலிவாக ஒன்றுமில்லை. கையில் அகப்படும் கல்லால் தட்டாமல் ஒரு கிலோச் சுத்தியல் கொண்டுபோங்கள். இறங்க மறுத்தால் அடியின் பலத்தைக் கூட்டாமல், அந்த இடத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கால்மணி நேரம் விடுங்கள். "டங்" என்று ஓசை மாறினால் கீழே கல், ஒரு சாண் தள்ளி அடியுங்கள்.

மாலையில் பிடித்த முளை இரவில் விடுவது

மலைநாட்டில் அதிகம் நடப்பது இதுதான். புல்வேர் பின்னிய மேல்மண் முதலில் நன்றாகப் பிடிக்கும். இரண்டு மணி நேர மழையில் அது கூழாகும். 15 சென்றிமீற்றர் முளைக்கு அந்த மேல்மண்ணைத் தவிர வேறு பிடி கிடையாது. 25 சென்றிமீற்றருக்குக் குறையாத, குறுக்கே வெட்டினால் Y எழுத்துப்போல் மூன்று இதழ் தெரியும் அலுமினிய முளை இங்கே பொருத்தம். நீள முளை கைவசம் இல்லையென்றால் இருக்கிறதை இரட்டிப்பாக்குங்கள்: முதல் முளைக்குப் பின்னால், கயிற்றின் அதே நேரில், ஒரு முளை நீளம் தள்ளி இரண்டாவதை அடித்து, முன்முளையின் தலையைப் பின்முளையின் அடியோடு இறுகக் கட்டுங்கள். தலையோடு தலையைக் கட்டினால் இரண்டும் சேர்ந்து சாயும்.

நைலோன் கயிறு நனைந்தால் நீளும். துணி தொய்ந்து படபடக்க, ஒவ்வொரு வீச்சும் முளையை ஆட்டும். படுக்கப் போகுமுன் ஒருதடவை, மழை தொடங்கியபின் ஒருதடவை கயிற்றை இறுக்குங்கள். பருத்திக் கயிறு நேர்மாறு: நனைந்தால் சுருங்கி முளையையே பிடுங்கும், கொஞ்சம் தளர்த்திவிட வேண்டும்.

நக்கிள்ஸில் பிட்டவல பத்தனைபோலப் பாறைமேல் சில விரல் மண் மட்டும் படிந்த இடங்களில் எந்த முளையும் இறங்காது. அப்படிப்பட்ட தரையில் கயிற்று நுனியை ஒரு தடித்த குச்சியில் கட்டி நிலத்தில் வைத்து, குச்சிக்கு முன்னால் டென்ட் பக்கமாகக் கயிற்றின்மேல் பெரிய கல்லை வையுங்கள். காற்று இழுக்கும்போது குச்சி கல்லில் முட்டி நிற்கும். கயிற்றை நேராகக் கல்லில் கட்டினால் விடிவதற்குள் விளிம்பு அறுத்துவிடும்.

கொழும்பு முற்றத்துக் கெனோப்பி

வெசாக் தன்சலுக்கும் (இலவச உணவுப் பந்தல்) வீட்டு விசேஷத்துக்கும் தார் வீதியிலோ கல் பதித்த முற்றத்திலோ நான்கு காலில் துணிக்கூரை நிற்கும் 3க்கு 3 மீற்றர் கெனோப்பி நிறுத்தி, காலுக்கு ஒரு 5 லீற்றர் தண்ணீர்ப் போத்தல் கட்டுகிறார்கள். நான்கும் சேர்ந்து 20 கிலோதான். மணிக்கு 54 கிலோமீற்றர் காற்று அந்த 9 சதுர மீற்றர் கூரையின் அடியில் புகுந்தால் தூக்கும் விசை 120 கிலோவைத் தாண்டும். காலுக்கு 30 கிலோவுக்குக் குறையாத மணல் மூட்டை வையுங்கள், காற்று எழும்பினால் கூரையை இறக்குங்கள். வீதியோர மண்ணில் நீளக் கம்பி அடிக்கப் போகிறவர்கள் கீழே மின்சாரக் கேபிளோ தண்ணீர்க் குழாயோ போகிறதா என்று கேட்டறியாமல் சுத்தியலைத் தூக்க வேண்டாம்.

கழற்றும்போது டென்ட்டின் நாடாவைப் பிடித்து இழுத்தால் தையல் போகும். இன்னொரு முளையைக் கழற்றும் முளையின் கொக்கியில் மாட்டி, திருகித் திருகி, அது இறங்கிய சரிவிலேயே எடுங்கள். கடற்கரையிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைக்காவிட்டால் உருக்கு முளை கறள் பிடிக்கும். பையில் போடுமுன் எண்ணிப் பாருங்கள். மணலில் விட்டுவந்த ஒரு முளை, வெறுங்காலோடு ஓடும் பிள்ளையின் உள்ளங்காலுக்காகக் காத்துக்கிடக்கும்.