வைக்கோல் கட்டுகளால் ஒரு சுவர்: முதல்முறை கட்டுபவர்களுக்கு

தை அறுவடை முடிந்தால் எங்கள் சேலம் மாவட்டத்து ஆத்தூர், தலைவாசல் பக்கம் வயலெல்லாம் வைக்கோல் கட்டுதான். மாட்டுக்குப் போக மிஞ்சியதில் சுவர் எழுப்பலாம் என்றால் ஊரில் சிரிப்பார்கள். ஆனால் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், மரம் கிடைக்காத மணல்மேட்டுப் பகுதியில் 1800-களின் கடைசியிலேயே இப்படிக் கட்டியிருக்கிறார்கள். அங்கே ஆர்தர் என்ற ஊரில் 1928-ல் வைக்கோல் கட்டால் எழுப்பிய தேவாலயம் இன்றும் நிற்கிறது.

பத்துக்குப் பத்து அறையோடு தொடங்குங்கள். குளியலறை வேண்டாம். தண்ணீர்க் குழாய் இந்தச் சுவருக்குள் போகவே கூடாது.

கட்டு வாங்குதல். நம் பக்கத்து இயந்திரங்கள் பெரும்பாலும் உருளையாகத்தான் சுருட்டும். சுவருக்குச் சதுரக் கட்டு வேண்டும், கேட்டு வாங்குங்கள். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலக் கட்டு 16 கிலோவுக்குக் குறையாமல் இருக்கட்டும். கயிற்றைப் பிடித்துத் தூக்கினால் தொளதொளக்கக் கூடாது. அப்புறம் கையை நடுவில் நுழைத்துப் பாருங்கள். சூடோ பிசுபிசுப்போ தெரிந்தால், பூஞ்சை வாசம் வந்தால் விட்டுவிடுங்கள். ஈரமானி இருந்தால் 15 சதவீதத்துக்குள் காட்ட வேண்டும்.

கூரை முதலில். தரையிலிருந்து ஒன்றரை அடிக்குக் கருங்கல் மேடை, அதன்மேல் தார்ஷீட். பிறகு தூண், கூரை. பாரம் முழுக்கத் தூண்கள்தான் தாங்கும், அந்தக் கணக்கை ஒரு பொறியாளரிடம் காட்டிவிடுங்கள். கூரை விளிம்பு சுவரைத் தாண்டி இரண்டடியாவது வெளியே நீளட்டும். ஏற்காட்டில் மழையோடு பனிமூட்டமும் சேருமே, அங்கே மூன்றடி.

நான் கூரைக்கு முன்பே கட்டுகளை இறக்கிவிட்டேன். மேலே தார்ப்பாய் போட்டாயிற்று என்று நிம்மதியாக இருந்தேன். சித்திரையில் ஒரு கோடை மழை, தண்ணீர் அடியில் ஓடியது. ஒரு வாரத்தில் கீழ்வரிசை கறுத்து, கை வைத்தால் கொதித்தது. அத்தனையும் எருக்குழிக்குப் போயிற்று.

அடுக்குதல். செங்கல் மாதிரியே, இணைப்பு மேல் இணைப்பு வராமல் அடுக்குங்கள். இரண்டு வரிசைக்கு ஒருமுறை மூங்கில் குச்சி அடித்து இறக்குங்கள். இடுக்குகளில் மண் குழம்பில் நனைத்த வைக்கோலைத் திணித்தால் எலிக்கு வழியில்லை. அலமாரி வரும் இடத்தில் இப்போதே மரக்கட்டை பதித்துவிடுங்கள், பின்னால் ஆணி நிற்காது. பூசும்வரை தளத்தில் பீடி கூடாது. உதிரி வைக்கோல் நொடியில் பிடித்துக்கொள்ளும்.

பூச்சு. சிமெண்ட் வேண்டாம். உள்ளே சேரும் ஈரம் வெளியேற முடியாமல் வைக்கோல் அழுகும். செம்மண்ணைச் சலித்து, முதல் பூச்சைத் தோசை மாவு பதத்தில் கரைத்து, உள்ளங்கையால் வைக்கோலுக்குள் அழுத்தித் தேயுங்கள். கரண்டியால் தடவினால் மேலோடு நின்று உரிந்துவிடும். இரண்டாவது பூச்சு ஓரங்குலக் கனம்: மண், மணல், விரலளவு நறுக்கிய வைக்கோல். அளவு மண்ணைப் பொறுத்தது. மூன்று விதமாகக் கலந்து, ஒரு மூலையில் ஒவ்வொன்றையும் ஒரு முறமளவு பூசிப் பாருங்கள். வெடித்தால் மணல் குறைவு, தேய்க்கும்போது உதிர்ந்தால் களிமண் குறைவு. கொஞ்சம் மரவள்ளி மாவுக் கஞ்சி சேர்த்தால் தூசி உதிராது. சேலத்தில் அதற்கா பஞ்சம்?

என் மேஸ்திரிக்கு இதெல்லாம் பிடித்துப்போனது, ஒன்றைத் தவிர. "தண்ணி காட்டாம சுவர் நிக்குமாங்க?" என்று சாயங்காலம் ஆனால் ஹோஸைத் தூக்கிவிடுவார். மண்பூச்சுக்கு க்யூரிங் கிடையாது, நிழலில் தானாகக் காய வேண்டும். வெளிப்புறம் கடைசியாகப் பூசும் சுண்ணாம்புக்கு மட்டும் நாலைந்து நாள் லேசாகத் தெளிக்கலாம். அங்கே அவர் ஆசை தீரட்டும்.