டெல்டா பனிக்குக் கையில்லாத பஞ்சு ஜாக்கெட்: பழைய வேட்டியை லைனிங்காக வைத்து வீட்டிலேயே தைப்பது எப்படி

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று நம் பக்கம் சொல்வார்கள். தெர்மாமீட்டரைப் பார்த்தால் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் விடியற்காலை நாலரை மணிக்கு ஐயம்பேட்டையிலிருந்து கும்பகோணத்துக்கு வெற்றிலைக் கூடையைக் கட்டிக்கொண்டு வண்டியில் போகிறவருக்கு அந்த 20 டிகிரி போதும், பல் கிட்டிப்போகும். என் சித்தப்பா அப்படிப் போகிறவர். முழுக்கை ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்தால், "கொடிக்கால்ல நுழைஞ்சதும் கையெல்லாம் நனைஞ்சிடுது பாப்பா" என்று கழற்றி வைத்துவிடுவார். கொடிக்கால் என்றால் வெற்றிலைத் தோட்டம். அவருக்காகத் தைத்ததுதான் இந்தக் கையில்லாத ஜாக்கெட். பிறகு பக்கத்து வீடுகளுக்கும் தைத்துக் கொடுத்தேன்.

மெஷினில் நேர்தையல் போடத் தெரியும், சட்டையை வைத்து அளவெடுக்கத் தெரியும் என்றால் தாராளமாக இறங்கலாம். பாபினில் நூல் சுற்றுவதிலிருந்து இங்கே சொல்லப்போவதில்லை.

முதலில், இது வேலைக்கு ஆகுமா?

ஆகும். ஆனால் எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று தெரிந்துகொண்டு தையுங்கள்.

நம் ஊர்க் குளிருக்குக் காரணம் ஈரமும் காற்றும். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். ஆக, மார்கழி முழுக்க ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் இருக்கும்; சம்பாவும் தாளடியும் வயலில் நிற்கும். வாய்க்கால் கரை ரோட்டில் கொஞ்ச தூரம் போனாலே சட்டை நமத்துவிடும். அசையாத காற்றைவிடத் தண்ணீர் 20 மடங்குக்கும் மேல் சூட்டைக் கடத்தும். நமத்த சட்டையோடு 40 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்காற்றில் போனால் உடம்புச் சூடு எங்கே நிற்கும்?

பஞ்சு தானாகச் சூடு தருவதில்லை. அதற்குள் அடைபட்டுக் கிடக்கிற காற்றுதான் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. நெஞ்சும் வயிறும் குளிர்ந்தால், உள்ளுறுப்புகளைக் காப்பாற்ற உடம்பு விரல்களுக்கு அனுப்பும் ரத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் நடுவுடம்பை மட்டும் மூடினாலே விரல் விறைப்பதும் ஓரளவு குறைகிறது. ஓரளவுதான். வண்டி ஓட்டுகிறவர்கள் உள்ளே முழுக்கைச் சட்டை போட்டு, வெயிலுக்கு மாட்டுகிற கைக்கவரையும் மாட்டிக்கொள்ளுங்கள். கொடிக்காலில் இறங்கும்போது கவரை உருவிவிடலாம், ஸ்வெட்டர் கையை உருவ முடியாது. பால் கறக்கிறவர்களுக்கும் இதே வசதி: கை மடியிலும் செம்பிலும் இருக்கும்போது துணி இடையில் வந்து விழாது. ஏழரை மணிக்கு வெயில் ஏறினாலும் அக்குள் திறந்திருப்பதால் வியர்வை தேங்காது.

ஆகாத இடம் ஒன்று உண்டு. நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டையை அடுக்கிவிட்டு ராத்திரி முழுக்கக் காவல் இருக்கிறவர்களுக்கு இது மட்டும் போதவே போதாது. அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது உடம்பு உண்டாக்குகிற சூடே குறைவு. மேலே கம்பளி, தலைக்கு மப்ளர் கட்டாயம் வேண்டும். வீசிங் உள்ள பெரியவர்களுக்கும் முழுக்கை ஸ்வெட்டர்தான் சரி.

என்னென்ன வேண்டும்

வெளித்துணி: நைலான் டஃபெட்டா, 44 இன்ச் அகலத்தில் ஒன்றரை மீட்டர். காற்று உள்ளே புகாது, தோளில் இறங்குகிற பனியும் சட்டென்று ஊறாது. குடைத்துணியில் தைக்கலாமா என்று கேட்கிறார்கள். தைக்கலாம், ஆனால் பூசிய குடைத்துணியில் உள்ளே புழுங்கும். காடாத்துணி வேண்டவே வேண்டாம், காற்று சல்லடை மாதிரி நுழையும்.

உள்துணி: நைந்து மெத்தென்று ஆன பருத்தி வேட்டி. இதற்கு ஈடு கடையில் கிடைக்காது. கஞ்சி போக வெந்நீரில் அலசிக் காயவைத்து, கரையை வெட்டிவிடுங்கள்.

நடுவில்: பாலியஸ்டர் பஞ்சு ஷீட், 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம் எடை). சோபா, மெத்தை வேலை செய்கிற கடைகளில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். கடைக்காரர் 150, 200 என்று தடிமனாக எடுத்துக் காட்டுவார், வாங்காதீர்கள். அது கொடைக்கானலுக்கு. நம் ஊரில் வண்டியை விட்டு இறங்கிய பத்தாவது நிமிடம் வேர்க்கும்.

மற்றவை: ஓபன் எண்ட் ஜிப் (கீழே முழுக்கப் பிரிகிற வகை) 24 இன்ச், 16-ஆம் நம்பர் ஊசி, பாலியஸ்டர் நூல், கைக்குழிக்கும் கழுத்துக்கும் பழைய பனியன் துணி.

வாத்து இறகு அடைத்த ரெடிமேட் ஜாக்கெட்டை நான் இங்கே யாருக்கும் சொல்வதில்லை. எடைக்கு அதைவிடச் சூடு தருவது எதுவும் இல்லை, உண்மை. ஆனால் ஈரம் பட்டால் இறகு ஒட்டிப்போய் உப்பல் இறங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் வீட்டு பீரோவில் வைத்து எடுத்தால் பூஞ்சை வாடையும் சேரும்.

படி 1: பஞ்சை அடுக்கித் தைப்பது

முதுகுக்கு 26 இன்ச் அகலம், முன்பக்கத் துண்டு இரண்டுக்கும் தலா 15 இன்ச் அகலம், எல்லாம் 28 இன்ச் உயரம். 38 நெஞ்சளவுள்ளவருக்கு இது சரியாக இருக்கும். மற்றவர்கள் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். இப்போது நேர்க்கட்டமாக மட்டும் வெட்டுங்கள். கைக்குழி, கழுத்து எதையும் வெட்டக்கூடாது. பஞ்சை வைத்துத் தைத்தால் துணி உள்வாங்கிச் சுருங்கும். முதலில் உருவத்தை வெட்டிவிட்டுப் பிறகு பஞ்சு தைத்தால் ஜாக்கெட் ஒரு சைஸ் சிறிதாகி நிற்கும்.

கீழே வேட்டி, நடுவில் பஞ்சு, மேலே டஃபெட்டா. மூன்றையும் சேர்த்துப் பெரிய பெரிய தையலாக நூலோட்டிக்கொள்ளுங்கள். பின்னூசி போதாது, வழுக்கும். பிறகு சாக்பீஸால் குறுக்குக் கோடுகள், கோட்டுக்குக் கோடு 4 இன்ச். கடை ஜாக்கெட்டில் நெருக்கமாக இருக்கிறதே என்று 2 இன்ச் போடாதீர்கள். தையல் விழுகிற கோட்டில் பஞ்சு நசுங்கித் தட்டையாகிவிடும், அங்கே அடைபட்ட காற்றே இருக்காது. கோடு கூடக் கூடச் சூடு குறையும்.

மெஷின் விஷயம். வீட்டில் இருக்கிற கறுப்பு உஷா, சிங்கர் மெஷினே இதற்குப் போதும். புது மோட்டார் மெஷின்களைவிட அதையே நான் விரும்புகிறேன், மெதுவாக மிதித்து ஓட்டலாம். ஃபுட் கம்பியின் தலையில் உள்ள திருகைச் சற்றுத் தளர்த்துங்கள், தையலை நீளமாக வையுங்கள். எல்லாக் கோட்டையும் ஒரே திசையில், நடுவிலிருந்து ஆரம்பித்து ஓட்டுங்கள். ஒன்று இப்படி, ஒன்று அப்படி ஓட்டினால் மேல்துணி கோணலாக இழுபட்டுச் சுருக்கம் விழும். சுருக்கத்தை இஸ்திரி போட்டு எடுக்கப் பார்க்காதீர்கள். பஞ்சு சூட்டில் அமுங்கினால் எழும்பாது.

படி 2: உருவம் வெட்டுவது

அளவாக இருக்கிற சட்டை ஒன்றை நியூஸ்பேப்பரில் விரித்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நெஞ்சுச் சுற்றளவோடு 6 இன்ச் கூட்டுங்கள். உள்ளே சட்டை இருக்கும், பஞ்சும் இடத்தைத் தின்னும். முதுகு உயரம் முன்பக்கத்தைவிட 2 இன்ச் அதிகம் வேண்டும். வண்டியில் குனிந்து உட்காரும்போது இடுப்பு தெரிந்தால் முதல் காற்று அங்கேதான் அடிக்கும். தோள் அளவு எலும்பு முனைக்கு அரை இன்ச் உள்ளேயே முடிய வேண்டும்.

படி 3: கைக்குழி

எல்லாருக்கும் தடுக்கிற இடம் இதுதான். அவசரப்படாதீர்கள்.

சட்டையின் கைக்குழி, கை வைத்துத் தைப்பதற்காக வெட்டியது. அதை அப்படியே கையில்லாத ஜாக்கெட்டுக்கு எடுத்தால் அக்குளில் வாய் பிளந்து நிற்கும். வண்டி வேகம் எடுத்ததும் காற்று அந்த வழியாகப் புகுந்து முதுகில் உப்பும். நெஞ்சில் எவ்வளவு பஞ்சு இருந்தாலும் பிரயோஜனமில்லை. "கையில்லாத ஜாக்கெட் குளிர் தாங்காது" என்று சொல்கிறவர்கள் போட்டிருப்பதைப் பாருங்கள், பெரும்பாலும் கைக்குழி தொளதொளவென்றுதான் இருக்கும்.

அதனால் கைக்குழியின் அடிப்பகுதியைச் சட்டையில் இருப்பதைவிட அரை இன்ச் மேலே ஏற்றி வரையுங்கள். முன்பக்க வளைவு முதுகுப்பக்கத்தைவிட அரை இன்ச் அதிகம் குழிந்திருக்க வேண்டும், கை முன்னால் நீள்வதற்காக. வெட்டியதும் தைக்காமல், தோளையும் பக்கங்களையும் சேஃப்டி பின் குத்திச் சேர்த்துச் சட்டை மேல் போட்டுப் பாருங்கள். ஹேண்டில்பாரைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையையும் நீட்டுங்கள். முன்பக்க விளிம்பு கைமடிப்பில் குத்தினால் அந்த இடத்தில் மட்டும் கால் இன்ச் கத்தரியுங்கள். திரும்பப் போட்டுப் பாருங்கள். அக்குளில் விளிம்புக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் படுக்கையாக நுழைந்தால் சரி. கைமுட்டி நுழைந்தால் தொளதொளப்பு; பக்கத்தையலை உள்ளே தள்ளிப் பிடியுங்கள்.

தோளையும் பக்கங்களையும் தைத்தபின் (படி 4), விளிம்புக்குப் பனியன் துணிப் பட்டி, 2 இன்ச் அகலம். பட்டியின் நீளம் கைக்குழிச் சுற்றளவைவிடக் குறைவாக இருக்க வேண்டும்: 20 இன்ச் சுற்றளவுக்குப் பதினேழரை இன்ச். பட்டியையும் கைக்குழியையும் நாலாக மடித்து அடையாளம் வைத்து, அடையாளத்தோடு அடையாளம் சேர்த்துப் பின்குத்தி, பட்டியை மட்டும் லேசாக இழுத்தபடி தையுங்கள். மாட்டியதும் உள்வாங்கிக் கையைச் சுற்றி ஒட்டி நிற்கும்.

பின்சேர்க்கை: பெண்களுக்குத் தைத்த சிலர், நெஞ்சுப் பக்கம் கைக்குழி பிளக்கிறது என்று எழுதியிருந்தார்கள். பிளக்கிற அளவைக் கைக்குழி விளிம்பிலிருந்து நெஞ்சை நோக்கி ஒரு சின்ன டாட்டாக (முனை குறுகுகிற மடிப்புத் தையல்) பிடித்துவிடுங்கள். பட்டி போடுவதற்கு முன்பே பிடிக்க வேண்டும்.

படி 4: ஜிப், கழுத்து, பக்கங்கள்

பக்கத்தையலும் தோள்தையலும் சாதாரணம்தான்; உள்ளே பிரிகிற ஓரத்தை வேட்டித்துணிப் பட்டியால் மூடித் தையுங்கள். காலர் 2 இன்ச் உயரத்தில் நிமிர்ந்து நிற்க வேண்டும். ஜிப்புக்குப் பின்னால் ஒன்றரை இன்ச் அகலத்தில் பஞ்சு வைத்த பட்டி ஒன்று கட்டாயம். ஜிப் பற்கள் வழியாகக் காற்று நேராக நெஞ்சில் இறங்கும். பட்டன் வைக்க வேண்டாம். இரண்டு பட்டனுக்கு நடுவே திறந்துகொள்ளும்.

இலவம் பஞ்சில் தைக்கலாமா?

அதிகம் பேர் கேட்டது இதுதான். இலவம் பஞ்சு இழை உள்ளே கூடானது, மேலே மெழுகு போன்ற பூச்சு உண்டு. அதனால் லேசாகவும் இருக்கும், தண்ணீரும் சட்டென்று ஏறாது. ஒரு காலத்தில் உயிர்காப்பு மிதவைச் சட்டைகளில் அடைத்ததே இதைத்தான். போடி பக்கத்திலிருந்து வருகிற நல்ல பஞ்சு கிடைத்தால் சூட்டில் குறையே இல்லை.

சிரமம் இரண்டு. வழுக்குகிற குட்டை இழை என்பதால் நைந்த வேட்டியில் அடைத்தால் வெளியே வந்து சட்டையெல்லாம் ஒட்டும். உள்ளேயும் நெருக்கமான நெசவுத் துணி வைக்க வேண்டும். ஷீட்டாகக் கிடைக்காததால், 3 இன்ச் அகலத்தில் குறுக்குக் குழாய்களாகத் தைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் குச்சியால் தள்ளி அடைக்க வேண்டும். முகத்தில் துணி கட்டிக்கொண்டு அடையுங்கள், மூக்கில் ஏறும். முதல் ஜாக்கெட்டுக்கு பாலியஸ்டர், கை பழகியபின் இலவம் பஞ்சு என்பதுதான் என் அபிப்பிராயம்.

துவைப்பது

பாலியஸ்டர் ஜாக்கெட்டை பச்சைத் தண்ணீரில் சோப்புத்தூள் போட்டு அலசினால் போதும். முறுக்கிப் பிழியாமல் அமுக்கித் தண்ணீரை எடுத்து, கொடியில் தொங்கவிடாமல் கயிற்றுக்கட்டிலில் விரித்து நிழலில் காயவையுங்கள். தொங்கவிட்டால் ஈரப்பஞ்சு கனத்தில் கீழே இறங்கும். இலவம் பஞ்சு ஜாக்கெட்டைத் துவைக்கக் கூடாது, கட்டிகட்டியாகத் திரண்டுவிடும். அழுக்கான இடத்தை ஈரத்துணியால் துடைத்து, வெயிலில் போட்டுத் தட்டுங்கள். மாசி கழிந்து எடுத்து வைக்கும்போது இரண்டையுமே நன்றாக வெயில் காட்டி, பழைய தலையணை உறையில் தளர்வாகப் போட்டு வையுங்கள். பாலிதீன் கவரில் அமுக்கிக் கட்டினால் அடுத்த மார்கழியில் எடுக்கும்போது பஞ்சு உப்பியிருக்காது.