பக்கத்துக் கம்பிக்குத் தாவும் இரைச்சல்: ரிப்பன் கேபிளில் தொடங்கி சிப் பேக்கேஜ் வரை

போன ஞாயிறு புதுச்சேரி காந்தி வீதி சந்தையில், பழைய கம்ப்யூட்டர் சாமான்களுக்கு நடுவே ஒரு ஹார்ட் டிஸ்க் ரிப்பன் கேபிள் கிடைத்தது. 40 கம்பி உள்ள அகலமான வகை. சிப் பேக்கேஜுக்குள் (சிப்பை அடைத்திருக்கும் கூட்டுக்குள்) இரைச்சல், அதாவது வேண்டாத மின் சிக்னல், எப்படித் தாவுகிறது என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். பேக்கேஜுக்குள் அளக்கும் முனையான புரோபை நுழைக்க முடியாது, கேபிளில் மாட்டலாம்.

முதலில் கனெக்டர்களை வெட்டிவிட்டு, ஓரத்து மூன்று கம்பிகளின் நுனியை உரியுங்கள். முதல் கம்பிக்கு அர்டுயினோ என்ற சிறிய கண்ட்ரோலர் போர்டிலிருந்து 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை. நடுக்கம்பி சும்மா தொங்கட்டும். மூன்றாவதை 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக அர்டுயினோவின் கிரவுண்டில் சேர்த்து, அங்கேயே ஆஸில்லோஸ்கோப் (வோல்ட்டேஜை அலையாக வரைந்து காட்டும் கருவி) புரோபை மாட்டுங்கள். புரோபின் கிரவுண்ட் கிளிப்பை அந்த ரெசிஸ்டரின் காலிலேயே பிடிக்க வேண்டும். தள்ளிப் பிடித்தால் அந்த வயர் வளையமே ஆன்டெனா மாதிரி இரைச்சலை வாங்கும். நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இது.

டைம்பேஸ் (திரையின் கிடைமட்ட நேர அளவு) கட்டத்துக்கு 200 நானோசெகண்ட். அலை ஏறும் நொடியில், முதல் கம்பியோடு இணைக்காத மூன்றாவது கம்பியில் கூரான ஒரு முள் எழும். டிரிக்கரை (திரையில் படம் எப்போது தொடங்க வேண்டும் என்ற அமைப்பை) இறங்கும் விளிம்புக்கு மாற்றினால் முள் தலைகீழாகும். 5 வோல்ட்டில் அலை அசையாமல் நிற்கும்போது ஒன்றுமே இருக்காது. தாவுவது வோல்ட்டேஜ் அல்ல, அதன் மாற்றம்.

சரி, இப்போது நடுக்கம்பியை கிரவுண்டில் சேருங்கள். முள் சுருங்கும். ஹார்ட் டிஸ்க்கின் வேகம் கூடியபோது அதே 40 முனை கனெக்டருக்கு 80 கம்பி கேபிள் வந்தது இதற்காகத்தான்: கூடுதல் 40 கம்பியும் கிரவுண்ட்.

அப்புறம் நடுக்கம்பியை மறுபடி கழற்றிவிட்டு, முதல் கம்பியில் தொடராக 10 கிலோ ஓம் போடுங்கள். விளிம்பு மெதுவாகும், முள்ளும் தணிந்து பரவும்.

இனி பேக்கேஜ். இங்கே இரைச்சல் தாவ இன்னொரு வழியும் உண்டு, எல்லோரும் பங்குபோடும் கிரவுண்ட் பாதை. சிப்பைப் பேக்கேஜின் கால்களோடு இணைக்கும் மெல்லிய பாண்ட் வயருக்கு மில்லிமீட்டருக்குச் சுமார் 1 நானோஹென்றி இண்டக்டன்ஸ் (கரண்ட் மாறுவதை எதிர்க்கும் குணம்). 3 மி.மீ. வயரில் 1 நானோசெகண்டுக்குள் 20 மில்லிஆம்பியர் மாறினால் 60 மில்லிவோல்ட் எழும். எட்டு அவுட்புட்டுகள் ஒரே கிரவுண்ட் வயரை நம்பி ஒன்றாக மாறினால் 480 மில்லிவோல்ட். 1 வோல்ட்டில் ஓடும் சிப்புக்கு இது பாதி உயிர்.

அதனால்தான் சிப்பைக் கவிழ்த்து, நீள வயருக்குப் பதில் குட்டையான சாலிடர் உருண்டைகளான பம்ப்களில் உட்கார வைக்கிறார்கள். சார்ஜைச் சேர்த்து வைத்துச் சட்டென்று தரும் கெப்பாசிட்டர்களைச் சிப்பின் காலடிக்கே கொண்டுவருகிறார்கள். சிலிக்கானைத் துளைத்துப் போகும் செங்குத்துப் பாதைகளில் வேகமான சிக்னலுக்குப் பக்கத்தில் கிரவுண்ட் பாதைகளை நிறுத்துகிறார்கள். சிலிக்கான் முழு இன்சுலேட்டர் அல்ல, அதன் வழியாகவும் இரைச்சல் கசியும்.

அடுத்த முறை ஒரு பெரிய சிப்பின் டேட்டாஷீட்டைத் திறந்தால், கால்களின் வரைபடத்தில் கிரவுண்டுகளை மட்டும் பென்சிலால் நிரப்பிப் பாருங்கள். வேகமான சிக்னல் ஜோடிகளைச் சுற்றி அவை எப்படி நிற்கின்றன என்பது தெரியும்.