ஒரே சப்ளையர், பல பையர்கள்: கூட்டுத் தணிக்கை எங்களுக்குப் பலன் தந்த விதம்

ஒரே ஆடைத் தொழிற்சாலையை, அதனிடம் வாங்கும் ஒவ்வொரு நிறுவனமும் (பையர்) தனித்தனியாகத் தணிக்கை செய்தால், சப்ளையர் கற்றுக்கொள்வது தேர்வுக்குத் தயாராவதை மட்டும்தான். குறை வெளிப்பட்டாலும் கவலைப்பட மாட்டார். ஒருவர் போனால் மற்றவர்கள் இருக்கிறார்களே!

வங்கதேசத்தில் ஆடை ஆலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்தபின் 2013-இல் உருவான வங்கதேச அக்கார்டு என்ற பாதுகாப்பு ஒப்பந்தம் இதை மாற்றியது. அதில் கையெழுத்திட்ட எல்லா நிறுவனங்களும், பழுது நீக்க மறுக்கும் ஆலையுடன் வணிகத்தை நிறுத்த வேண்டும் என்பது அதன் விதி. நாங்களும் முதலில் எழுதிக்கொண்டது இதைத்தான். கூட்டுத் தண்டனை இல்லாத கூட்டுத் தணிக்கை வெறும் செலவுப் பகிர்வு.

ஒரே செக்லிஸ்ட், விதிகள் முரண்பட்டால் கடுமையானது செல்லும். தணிக்கையாளருக்குப் பணம் பையர்கள் தருவது. சப்ளையர் கொடுத்தால் அறிக்கை மென்மையாகிவிடும். பையர்களுக்குள் விலை, ஆர்டர் அளவு பற்றிப் பேச்சே கூடாது, போட்டிச் சட்டம் பாயும். தணிக்கைச் செலவை ஆர்டர் அளவுப்படி பிரித்தால் அந்த அளவு வெளியே தெரிந்துவிடும்; சமமாகப் பிரிப்பதே பாதுகாப்பு.

மறைத்த மிகை நேர வேலையை (ஓவர்டைம்) பிடிக்க வருகைப் பதிவேடு மட்டும் போதாது. அதே தேதியின் உற்பத்திப் பதிவு, உடைந்த தையல் ஊசிகளைக் குறிக்கும் பதிவேடு, கேட் பாஸ் மூன்றையும் அருகருகே வையுங்கள். விடுமுறை என்று காட்டிய ஞாயிறன்று ஊசி உடைந்திருந்தால் கதை முடிந்தது.

கண்ட குறைகளைச் சரிசெய்யும் திருத்தத் திட்டத்தில் பொறுப்பாளர், கெடு, ஆதாரம் மட்டுமின்றி, ‘பையர் செய்ய வேண்டியது’ என்றும் ஒரு கட்டம் வேண்டும். கடைசி நேர டிசைன் மாற்றமே பல மிகை நேரத்துக்குக் காரணம். அந்தக் கட்டத்தை நிரப்பத்தான் பையர்கள் அதிகம் தயங்குவார்கள்.